கோல்கீப்பர் பிள்ளை இருக்கிற வீட்டாருக்கு: 2,35,000 ரூபாய் போய்விட்டது, நீங்களாவது உஷாராக இருங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் தலையெழுத்து என்று விட்டுவிடுவோம். ஏமாற்றினவன்கள் அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்பான்கள்.

என் தங்கை மகன் கோல்கீப்பர். வயது 17. சென்னை லீகில் ஒரு டிவிஷன் அணிக்கு இரண்டாவது கீப்பர். "போர்ச்சுகல் கிளப்பில் ட்ரையல், பிடித்துப் போனால் அண்டர் 19 அணியில் இடம்" என்று சொல்லி அவனிடமிருந்து, அதாவது அவன் அப்பாவின் சேமிப்பிலிருந்து, 2,35,000 ரூபாய் கறந்துவிட்டார்கள். வாங்கியது ஒரு இணைய ஏஜென்சி. வீரர்களை வெளிநாட்டு கிளப்புகளோடு இணைத்துவிடுகிறோம் என்று இன்ஸ்டாகிராமில் விளம்பரம் ஓட்டுகிற வகை. பெயரைப் போடவில்லை. நாளைக்குப் பெயரை மாற்றிக்கொண்டு வருவார்கள், ஆனால் செய்கிற வேலை மாறாது. அதனால் வேலையைச் சொல்கிறேன்.

மூன்று தவணையாக வாங்கினார்கள். புரொஃபைல் பதிவு 25,000. ஹைலைட் வீடியோ 40,000. ட்ரையல், அழைப்புக் கடிதம், விசா, தங்குமிடம் எல்லாம் சேர்த்து 1,70,000. ஒவ்வொரு முறையும் "இதுதான் கடைசி, அங்கிள்" என்றார்கள். மூன்று முறையும் மூன்று வெவ்வேறு தனிநபர் கணக்குகள். ஒன்றுக்கும் ரசீது இல்லை.

நான் கீப்பர்களுக்குப் பயிற்சி கொடுப்பவன். நானே எப்படி ஏமாந்தேன் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும்.

இரண்டாவது தவணைக்கு முன்னால் ஒரு வீடியோ கால் வந்தது. கிளப் ஜாக்கெட் போட்ட ஒருவர், "கோல்கீப்பிங் கோச்" என்று அறிமுகம். பையன் அனுப்பிய போன் வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு விஷயம் சொன்னார்: ஷாட் வருகிற கணத்தில் நெகட்டிவ் ஸ்டெப் எடுக்கிறான் என்று. நான் ஆடிப்போய்விட்டேன். டைவ் அடிக்கிற பக்கத்துக் கால் பந்தை நோக்கிச் சாய்வாக முன்னால் போகாமல் அரை அடி பின்னால் போகும். உடம்பு கோல் கோட்டை நோக்கிச் சாயும். உள்ளங்கையில் பட வேண்டிய பந்து விரல்நுனியில் பட்டு உள்ளே போகும். இதைத்தான் இரண்டு வருஷமாக அவனிடம் கத்திக்கொண்டிருக்கிறேன். ஏழு கடல் தாண்டி ஒருத்தன் மூன்று நிமிஷத்தில் பிடித்துவிட்டானே, இவன் நிஜமான கோச்தான் என்று நினைத்தேன். தங்கை என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அன்று மாலையே 40,000 போனது.

இதே ஏஜென்சியிடம் பணம் கட்டிய இன்னும் இரண்டு கீப்பர் பையன்களைப் பிறகு கண்டுபிடித்தோம். இரண்டு பேரிடமும் அதே ஆள் அதே வார்த்தைதான் சொல்லியிருக்கிறார். பதினாறு, பதினேழு வயதுக் கீப்பர்களில் நெகட்டிவ் ஸ்டெப் எடுக்காதவனைத்தான் தேட வேண்டும். "உங்களுக்கு முதுகில் ஒரு மச்சம் இருக்கும்" என்று சொல்கிற கிளி ஜோசியம் இது. கீப்பர் கோச்சாகிய நான் அதில் விழுந்தேன்.

இனி, எங்கெங்கே பிடித்திருக்கலாம் என்று.

முதலில் வயது. ஃபிஃபா விதியில் 19ஆம் பிரிவு, 18 வயதுக்குக் கீழே உள்ளவனை நாடு விட்டு நாடு பதிவு செய்வதைத் தடுக்கிறது. விலக்குகள் கொஞ்சம்தான். பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காகக் குடிபெயர்ந்திருக்க வேண்டும். 16லிருந்து 18 வயதுவரை ஐரோப்பிய ஒன்றிய எல்லைக்குள்ளேயே மாற்றம் நடக்கலாம். வீடும் கிளப்பும் எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருந்தால் இன்னொரு வழி. அகதிகளுக்கும் மாணவப் பரிமாற்றத்தில் போகிறவர்களுக்கும் தனி. சென்னைப் பையனுக்கு முதல் மூன்றும் பொருந்தாது. இதை நான் கேட்டேன். "ஸ்டூடென்ட் விதிவிலக்கில் கொண்டுபோகிறோம் சார்" என்று சட்டென்று பதில் வந்தது. பாதி உண்மை. அந்த விலக்கில் போகிறவன் தொழில்முறை அணியே இல்லாத அமெச்சூர் கிளப்பில்தான் ஆட முடியும், அதுவும் அதிகபட்சம் ஒரு வருஷம். தொழில்முறை கிளப்பின் அண்டர் 19 அணி என்று அவர்கள் சொன்னதும் அந்த விலக்கும் ஒன்றோடொன்று ஒட்டவே ஒட்டாது. இந்த 19ஆம் பிரிவை மீறியதற்காக பார்சிலோனாவுக்கே 2014இல் இரண்டு டிரான்ஸ்ஃபர் காலத்துக்குப் புது வீரர்களைப் பதிவு செய்யத் தடை விதித்தார்கள். பார்சிலோனாவால் முடியாததை இன்ஸ்டாகிராம் ஏஜென்சி முடித்துத் தருமாம்.

அடுத்தது "செலக்‌ஷன் கேம்ப்". புறநகரில் ஒரு டர்ஃப் மைதானம், இரண்டு நாள். அறுபது பையன்களுக்கு மேல், அதில் கீப்பர்கள் ஒன்பது பேர். கீப்பர் கோச் ஒருவர்கூட இல்லை. கோல்போஸ்ட், அணிக்கு ஐந்து பேராக ஃபைவ்ஸ் ஆடுகிற சின்னப் போஸ்ட். முழு அளவுப் போஸ்ட் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். சின்னப் போஸ்டில் கோட்டிலேயே நின்று கையை நீட்டினால் பாதி மூடிவிடும். கோணம் பார்த்து முன்னேறுவது, பின்போஸ்ட்டுக்குத் திரும்பி ஓடுவது, தலைக்கு மேல் தூக்கிப் போடுகிற பந்துக்குப் பின்வாங்குவது எதுவுமே வெளியில் தெரியாது. ஓரத்திலிருந்து கோல் முன்னால் தூக்கிப் போடுகிற கிராஸுக்கு அகலமே கிடையாது. பதினைந்து நிமிஷ ஆட்டத்தில் எங்கள் பையன் பந்தைத் தொட்டது நான்கு முறை. மூன்றாம் நாள் "செலக்டட்" என்று மெசேஜ். ஒன்பது பேருக்குமே வந்திருக்கும் என்று இப்போது புரிகிறது.

உண்மையான கீப்பர் ட்ரையல் எப்படி நடக்கும்? கிளப் தன் அணியோடு நான்கைந்து நாள், சில சமயம் இரண்டு வாரம் வைத்துப் பார்க்கும். கீப்பர் கோச் தனியாக எடுப்பார். கைப்பிடி, இரண்டு பக்கமும் தாழ்வான பந்துக்கு விழுவது, காலடி வைத்து நின்று செட் ஆகிப் பிடிப்பது, கூட்டத்துக்கு நடுவே கிராஸ் எடுப்பது, ஒண்டிக்கு ஒண்டி, அழுத்தம் வரும்போது இரண்டு காலாலும் பாஸ் கொடுப்பது. அதற்குப் பிறகுதான் ஆட்டம். கோல் வாங்கின அடுத்த நிமிஷம் என்ன செய்கிறான் என்று குறித்துக்கொள்வார்கள். சேவ்களை மட்டும் எண்ணுகிற கோச்சை நான் பார்த்ததில்லை.

வீடியோ கொடுமையைச் சொல்லாமல் விட முடியாது. 40,000 ரூபாய்க்கு மூன்றே முக்கால் நிமிஷம். பாட்டு, ஸ்லோ மோஷன், பறந்து பறந்து சேவ். ஒவ்வொரு துண்டும் பந்து காலை விட்டுக் கிளம்பிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. கீப்பரைப் பார்ப்பவன் தேடுவதே அதற்கு முந்தைய ஐந்து விநாடியை. எங்கே நின்றான், எப்போது நகர்ந்தான், ஷாட் அடிக்கும்போது இரண்டு காலும் தரையில் இருந்ததா, தடுப்பாட்டக்காரனுக்குக் குரல் கொடுத்தானா. பறந்து பிடித்த பந்தில் பாதி, தப்பான இடத்தில் நின்றதால் பறக்க வேண்டி வந்தது. கிளப்புக்கு அனுப்ப வேண்டியது வெட்டாத இரண்டு முழு ஆட்டங்கள், நடுக்கோட்டுக்கு நேரே உயரமான இடத்திலிருந்து, கீப்பர் எப்போதும் ஃபிரேமுக்குள் இருக்கும்படி. கூடவே கிராஸ், ஒண்டிக்கு ஒண்டி, கால் ஆட்டம் என்று பிரித்த துண்டுகள். வாங்கின கோல்களையும் சேர்க்க வேண்டும். ஸ்டாண்டும் போனும் இருந்தால் மொட்டைமாடியிலிருந்து தம்பியே எடுத்துவிடுவான்.

புரொஃபைலில் உயரம் 188 சென்டிமீட்டர் என்று போட்டிருந்தார்கள். பையன் 181. ஆடிய ஆட்டங்கள் 42 என்று இருந்தது, நிஜத்தில் 11. "எல்லாரும் இப்படித்தான் போடுவாங்க ப்ரோ" என்று அவனிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கிளப் அளந்து பார்த்தால் பொய்யன் என்ற பேர் பையனுக்குத்தான்.

பணம் முழுக்கப் போன பிறகு சாக்கு ஆரம்பித்தது. முதலில் "வின்டோ மூடிவிட்டது, ஜனவரியில் பார்ப்போம்." ட்ரையலுக்கு வின்டோ எதற்கு? அது கிளப்புகள் வீரரைப் பதிவு செய்கிற காலம். பிறகு "டி.எம்.எஸ்.இல் பெண்டிங்." ஃபிஃபாவின் டிரான்ஸ்ஃபர் மேட்சிங் சிஸ்டத்துக்குள் நுழைய முடிவது கிளப்புகளும் சம்மேளனங்களும்தான். இன்ஸ்டாகிராம் ஏஜென்சிக்கு அதில் வேலையே இல்லை. பிறகு "எம்பஸி லேட்." எந்த எம்பஸி? விசா விண்ணப்பமே போடவில்லை. ஷெங்கன் விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. இவர்கள் விசாவுக்கு என்று கணக்குக் காட்டியது 45,000.

அழைப்புக் கடிதம் ஒரு பிடிஎஃப். பாஸ்போர்ட் எண் இல்லை, தேதி இல்லை, தங்கும் செலவு யாருடையது என்று இல்லை. கையெழுத்து அந்த ஜாக்கெட் கோச்சுடையது. கிளப்பின் சொந்த இணையதளத்தில் இருந்த முகவரிக்கு நானே மின்னஞ்சல் போட்டேன். இரண்டே நாளில் பதில் வந்தது. அப்படி ஒரு கோச் இங்கே இல்லை, ட்ரையலுக்கு நாங்கள் பணம் வாங்குவதும் இல்லை என்று. இரண்டு நாள் வேலை. இதை 2,35,000 கட்டுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டியவன் நான்.

அந்தப் பதிலை அனுப்பிக் கேட்டதும் குரலே மாறிவிட்டது. "அக்ரிமென்ட் படியுங்க சார், கைடன்ஸ் ஃபீஸ் ரீஃபண்ட் கிடையாது." தங்கை போன் செய்தால் "உங்க பையனுக்கு மனசு பலம் பத்தல மேடம், கீப்பருக்குப் பொறுமை வேணும்" என்று அவளுக்கே உபதேசம். பிறகு நீல டிக். பிறகு ஒற்றை டிக். செவ்வாய்க்கிழமையிலிருந்து போன் ஸ்விட்ச் ஆஃப்.

பொறுமையைப் பற்றி அவன் சொன்னதுதான் எனக்கு அதிகமாக எரிகிறது, ஏனென்றால் அது உண்மை. உண்மையை வைத்துத்தான் இந்த வியாபாரமே நடக்கிறது. அணியில் மூன்று கீப்பர் இருந்தால் ஆடுவது ஒருவன். ஸ்ட்ரைக்கரைப் போல கடைசி இருபது நிமிஷம் இறக்கிவிட்டுப் பார்க்க மாட்டார்கள். இத்தாலிய கீப்பர்கள் டொன்னாரும்மா 16 வயதில் மிலானுக்கு ஆடினார், பஃபோன் 17இல் பார்மாவுக்கு ஆடினார் என்று அந்த ஏஜென்சி பக்கம் பக்கமாகப் போட்டது. ஆனால் இங்கிலாந்து கீப்பர் பிக்ஃபோர்டை ஆறு கிளப்புகளுக்கு இரவல் அனுப்பினார்கள், முதல் இடம் டார்லிங்டன். அர்ஜென்டினா கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் 2010இல் ஆர்சனலில் சேர்ந்து, ஆறு கிளப் இரவல் சுற்றி, 2020இல் ஆஸ்டன் வில்லா போனபிறகுதான் நிலையான இடம். இதை ஏன் போடவில்லை? நம் ஊர்க் கணக்கும் அதுதான். இந்திய கீப்பர் குர்பிரீத் சிங் சந்து ஈஸ்ட் பெங்காலில் இருந்து, பைலான் ஆரோஸுக்கு இரவல் போய், நார்வேயின் ஸ்டாபெக்கில் சேர்ந்தது 2014இல், 22 வயதில். 2017 அண்டர் 17 உலகக் கோப்பையில் இந்தியாவுக்கு நின்ற தீரஜ் சிங், ஸ்காட்லாந்தின் மதர்வெல் வரை போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு, திரும்பி வந்து கேரளா பிளாஸ்டர்ஸில் சேர்ந்தார். உலகக் கோப்பை ஆடினவனுக்கே அவ்வளவு. பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து மனம் சலித்த பதினேழு வயதுக்காரனுக்கு "நாளைக்கே" என்று ஒருத்தன் சொன்னால் காதில் தேன்தான்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன். நேரமில்லை, சுருக்கமாக.

ஏஜென்ட் என்றால் ஃபிஃபா உரிமம் கேளுங்கள். உரிமம் தனி மனிதருக்குத்தான், கம்பெனிக்குக் கிடையாது. ஃபிஃபா தளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் வரும். ஏஜென்டின் கூலி வீரரின் சம்பளத்திலிருந்து சதவீதமாக வருவது. 2023இல் வந்த ஃபிஃபா விதி, 2 லட்சம் டாலர் வரையான சம்பளத்துக்கு 5% என்று உச்சவரம்பு வைத்தது. வழக்குகளால் அந்த வரம்பை அதே டிசம்பரில் நிறுத்திவைத்தார்கள். வரம்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சம்பளமே இல்லாத பையனிடம் முன்பணம் கேட்கிறவன் ஏஜென்ட் இல்லை. 18 ஆகாதவனுக்கு வெளிநாட்டு கிளப் என்றால் போனை வைத்துவிடுங்கள். கிளப்புக்கு நீங்களே எழுதுங்கள், ஏஜென்சி கொடுத்த முகவரிக்கு இல்லை. பணம் போய்விட்டதா, அந்த மணியிலேயே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு அடியுங்கள். நாங்கள் ஐந்து வாரம் கழித்து அடித்தோம், கணக்கில் 312 ரூபாய் இருந்ததாம்.

சைபர் பிரிவில் நாளை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். மூன்று கணக்கு எண், ஸ்கிரீன்ஷாட், அந்த பிடிஎஃப் எல்லாம் பிரின்ட் எடுக்க வேண்டும். இதே ஏஜென்சியிடம் கட்டினவர்கள் தேதியையும் தொகையையும் மட்டும் கீழே போடுங்கள், புகாரில் சேர்த்துக்கொள்கிறேன். எங்கள் தொகை 2,35,000. நேற்று ராத்திரி எங்கள் தெருவில் இன்னொரு கீப்பர் பையனுக்குப் புது எண்ணிலிருந்து மெசேஜ் வந்திருக்கிறது, அதே ஜாக்கெட் படத்தோடு. அவனுக்கு 15 வயது.