தண்ணீர் குடித்த நைட்ரோ எஞ்சின்: "பிஸ்டன் செட் மாத்தியாச்சு" என்றால் பழையதைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள்

சென்னையில் நைட்ரோ கார் (மெத்தனால், நைட்ரோமீத்தேன், எண்ணெய் கலந்த ஃபியூயலில் ஓடும் ரிமோட் கார்) ஓட்டுகிற எல்லோருக்கும் இந்த எச்சரிக்கை. மழை விட்ட மறுநாள், மைதானத்துக் குட்டையில் பாய்ந்து ஏர் ஃபில்டர் வரை மூழ்கி நின்றுபோனது ஒரு 1/8 பக்கி (நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு அளவுள்ள மண்தரைக் கார்). 21 சைஸ், அதாவது 3.5 சிசி எஞ்சின். ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் 19 நாள் கிடந்தது. வண்டியோடு வந்த பில்லில் பிஸ்டன்-ஸ்லீவ் செட் (பிஸ்டனும் அது ஏறி இறங்கும் உருளையும்) 6,500, குளோ பிளக் (ஃபியூயலைப் பற்றவைக்கும் கம்பி உள்ள பிளக்) 700, லேபர் 1,500 என்று மொத்தம் 8,700 ரூபாய். "உள்ளே தண்ணி போயிடுச்சு சார், செட்டே போச்சு" என்று விளக்கம்.

முதல் டேங்க் தீர்வதற்குள் ஐடில் (வண்டி நிற்கும்போது எஞ்சின் சுற்றும் வேகம்) நிலையில்லாமல் ஏறி இறங்கியது. புகை பைப் முனையில் வழிந்த எண்ணெய் செம்பழுப்பாக இருந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டுப் பிளைவீலை (எஞ்சினின் சுழல்சக்கரத்தை) விரலால் உருட்டிப் பார்த்தால் உள்ளே மணல் அரைபடுவது போல நறநறவென்றது. அதற்குமேல் ஓட்டாமல் எஞ்சினை முழுசாகப் பிரித்தோம்.

ஸ்லீவை வெளியே எடுத்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட்டைச் சுற்றி வெளிப்புறத்தில், தேன் நிறத்தில் வெந்து இறுகிய ஆமணக்கு எண்ணெய்ப் படிவு. நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. பல லிட்டர் ஃபியூயல் எரிந்த ஸ்லீவில்தான் அப்படிப் படியும். ஒரு டேங்க் ஓடிய புது ஸ்லீவ் வெளியே பளபளவென்று பித்தளையாகவே இருக்கும். பிஸ்டனின் தலையிலும் பழைய கரி அப்படியே இருந்தது. அதாவது செட் மாற்றப்படவே இல்லை. அடுத்து கிராங்கை (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டை) உருவினோம். அதைத் தாங்கும் பின்பக்கப் பேரிங்கின் குண்டுகளில் ஊசிமுனை அளவுக்குத் துருக்குழிகள், குண்டுகளைப் பிரித்துவைக்கும் கேஜின் இடுக்கில் காய்ந்த சேறு. மாற்ற வேண்டியிருந்த ஒரே பாகம் அந்தப் பேரிங்தான். அதைத் தொட்டே பார்க்கவில்லை.

பழைய செட்டைக் கேட்டால் "குப்பையில போட்டாச்சு" என்று பதில். ஸ்லீவின் போட்டோவைக் காட்டிய பிறகு லேபர் காசை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள்.

"தண்ணி போச்சு, அதனால பிஸ்டன் செட் போச்சு" என்ற பேச்சே எப்படித் தப்பு என்று சொல்லிவிடுகிறோம். இந்த எஞ்சின்களில் பெரும்பாலும் பிஸ்டன் அலுமினியம், ஸ்லீவ் குரோம் பூசிய பித்தளை. இரண்டுமே இரும்பைப் போலத் துருப்பிடிக்காது. துரு ஏறுவது ஸ்டீல் பாகங்களில்: இரண்டு பேரிங், கிராங்க், பிஸ்டன் பின், புல் ஸ்டார்ட்டரின் ஒன்-வே பேரிங், கிளட்ச் பெல் பேரிங். தண்ணீரோடு மண்ணும் உள்ளே போயிருந்தால் மட்டும் செட் கெடலாம். அப்போது ஸ்லீவின் உள்சுவரில் மேலிருந்து கீழாகக் கீறல் தெரியும், கம்ப்ரஷனும் (சிலிண்டரில் பிஸ்டன் உண்டாக்கும் அழுத்தமும்) விழுந்திருக்கும். நல்ல செட்டில், எஞ்சின் ஆறியிருக்கும்போது பிளைவீலைக் கையால் சுற்றினால் பிஸ்டன் உச்சிக்குப் போகும் இடத்தில் இறுக்கிப் பிடிக்கும். புதியதில் அந்தப் பிடி கடுமையாகவே இருக்கும். இந்த எஞ்சினில் பிடி சுமார்தான், ஆனால் இருந்தது. கீறலும் இல்லை.

இன்னொரு சேதம், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடில். தண்ணீர் அமுங்காது. சிலிண்டரில் தண்ணீர் இருக்கும்போது புல் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தாலோ ஸ்டார்ட்டர் பாக்ஸில் (பிளைவீலைச் சுற்றிவிடும் மோட்டார் பெட்டியில்) வைத்து அழுத்தினாலோ ராட் வளையும். வளைந்த ராடின் கீழ்முனை, எஞ்சினின் பின்மூடியான பேக் பிளேட்டில் உரசி வட்டமாகத் தேய்த்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஆகவே வண்டி தண்ணீரில் நின்றால் அந்த இடத்திலேயே ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். ஏர் ஃபில்டரையும் பிளக்கையும் கழற்றி, பிளக் ஓட்டை தரையைப் பார்க்கும்படி வண்டியைக் கவிழ்த்து, பிளைவீலைக் கையால் மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். பைப்பையும் கழற்றித் தண்ணீரை வடித்துவிடுங்கள். டேங்கில் உள்ள ஃபியூயலைக் கொட்டிவிடுங்கள். பைப்பிலிருந்து டேங்குக்கு வரும் பிரஷர் டியூப் வழியாகவும் தண்ணீர் ஏறும், மெத்தனால் அதைத் தன்னோடு கலந்துகொள்ளும். அப்புறம் பிளக் ஓட்டை, கார்புரேட்டர் இரண்டு வழியாகவும் டபிள்யூடி-40 அடித்துச் சுற்றி வடித்து, புது ஃபியூயல் கொஞ்சம் விட்டு மறுபடி வடியுங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைப் பிழிந்து போடாமல் புதிதாக எண்ணெய் தடவியதை மாட்டுங்கள். சூடாக இருந்த பிளக்கில் தண்ணீர் பட்டால் கம்பி அறுந்துபோவது உண்டு. இக்னைட்டரில் (பிளக்கைச் சூடாக்கும் பேட்டரிக் கருவியில்) மாட்டிப் பார்த்துப் பளிச்சென்று ஆரஞ்சாக எரியாவிட்டால் மாற்றிவிடுங்கள்.

இத்தனையும் அன்றைக்கே நடக்க வேண்டும், ஒரு டேங்க் ரிச்சாக (ஃபியூயல் கூடுதலாகப் போகும்படி) ஓட்டி எஞ்சினைச் சூடேற்றுவது உட்பட. ஓட்டி முடித்ததும் ஆஃப்டர்-ரன் ஆயில் (துருவைத் தடுக்க ஓட்டிய பிறகு விடும் எண்ணெய்) 5, 6 சொட்டு விட்டுச் சுற்றிவையுங்கள். ஒரே ராத்திரி ஈரத்தோடு கிடந்தாலே பேரிங்கில் துரு தொடங்கிவிடும். 19 நாள் கிடந்த எஞ்சினின் கதியை நினைத்துப் பாருங்கள். கடல் தண்ணீர் பட்டிருந்தால் முதலில் நல்ல தண்ணீரில் அலசிவிட்டு இதையெல்லாம் செய்யுங்கள். ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவரையும், ஸ்டீயரிங்கையும் திராட்டிலையும் அசைக்கும் சர்வோ மோட்டார்களையும் திறந்து உலர்த்தாமல் எஞ்சினைக் கிளப்பாதீர்கள். திராட்டில் சர்வோ திறந்தபடி மாட்டிக்கொண்டால் அந்த வண்டி யார் காலிலாவது போய் இடிக்கும்.

பேரிங் மாற்றுவது வீட்டிலேயே முடிகிற வேலை. 21 சைஸில் பல எஞ்சின்களுக்கு முன் பேரிங் 7x19x6 மில்லிமீட்டர். பேரிங் கடையில் 607 என்று கேட்டாலே கிடைக்கும், வெளிப்பக்கம் ரப்பர் சீல் உள்ளதாக வாங்குங்கள். பின் பேரிங் பெரும்பாலும் 14x25.4x6. வெளி விட்டம் அங்குலக் கணக்கு என்பதால் ஹாபி கடையில்தான் தேட வேண்டும். எதற்கும் கழற்றிய பேரிங்கை அளந்துவிட்டே வாங்குங்கள். கார்புரேட்டர், ஓ-ரிங் எல்லாம் நீக்கிய வெறும் கிராங்க்கேஸை (எஞ்சினின் வெளிக்கூட்டை) ஓவனில் 130 முதல் 150 டிகிரியில் 10, 15 நிமிடம் வைத்து, மரக்கட்டையில் தட்டினால் பின் பேரிங் தானே விழும். முன் பேரிங்கை மரக்குச்சியால் உள்ளிருந்து தள்ளுங்கள். புது பேரிங்குகளை ஃப்ரீசரில் வைத்திருந்து, கிராங்க்கேஸ் சூடாக இருக்கும்போதே இறக்குங்கள். கேஸ் அடுப்புத் தீயில் காட்ட வேண்டாம், கிராங்க்கேஸ் கோணிவிடும். ஹெட்டின் கீழே எத்தனை ஷிம் (மெல்லிய உலோக வளையம்) இருந்ததோ அத்தனையும் திரும்பப் போட்டு, ஸ்க்ரூக்களைக் குறுக்குவாட்டில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

இந்த எஞ்சினின் கார்புரேட்டர் கழுத்தில் சிவப்பு சிலிகான் அப்பியிருந்தார்கள். காற்று புகாமல் இருக்க மெல்லிசாகப் பூசுவதில் தப்பில்லை, நாங்களும் பூசுகிறோம். ஆனால் இதில் பிதுங்கிய துண்டு ஒன்று கிராங்க்கேஸுக்கு உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. அது பிய்ந்து கிராங்கின் வாய்க்குள் போயிருந்தால் நல்ல செட்டும் நாசமாகியிருக்கும்.

வெளியில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், எக்ஸாஸ்ட் போர்ட் வழியாகப் பிஸ்டன் தெரியும்படி போட்டோ எடுத்துவிட்டுக் கொடுங்கள். ஹை-ஸ்பீட் நீடில் (கார்புரேட்டரில் ஃபியூயல் அளவைக் கட்டுப்படுத்தும் திருகு) மூடிய நிலையிலிருந்து எத்தனை சுற்று திறந்திருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றும் பாகம் எதுவானாலும் பழையது திரும்ப வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் எழுதியே கேளுங்கள். எடுக்கப் போகும்போது பிளக்கைக் கழற்றச் சொல்லி, பிளைவீலை நீங்களே உருட்டிப் பாருங்கள். நறநறவென்றால் வண்டியை வாங்காதீர்கள்.