பழைய வேகன் ஆருக்கு ப்ளூடூத் செட்: மூன்று வருடம் ஓட்டிய பிறகு

எங்கள் வண்டி 2009 மாடல் வேகன் ஆர். வாங்கும்போது டீலர் போட்டுக்கொடுத்த சிடி பிளேயர்தான் அதில் இருந்தது. போனை வயரில் இணைக்கும் ஆக்ஸ் துளைகூடக் கிடையாது. இன்ஜின் நன்றாக ஓடுகிறது, விற்கும் எண்ணமும் இல்லை. போனில் இருக்கும் பாட்டு, வருகிற அழைப்பு, மேப் சொல்லும் வழி, இவை மூன்றும் காரின் ஸ்பீக்கரில் கேட்க வேண்டும். அவ்வளவுதான் தேவை. அதற்கு ஒரு சாதாரண சிங்கிள் டின் (பழைய கார் ரேடியோ அளவு) ப்ளூடூத் செட் போட்டேன். தொடுதிரை இல்லை, கேமரா இல்லை. இன்றைக்குக் கடைக்குப் போனாலும் அதையேதான் வாங்குவேன்.

முதலில் எல்லோரையும் போல, போனின் பாட்டைக் காலியான ஒரு எஃப்.எம். அலைவரிசையில் கார் ரேடியோவுக்கு அனுப்பும், சிகரெட் லைட்டரில் செருகும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் வைத்திருந்தேன். விலை மலிவு, வயரைத் தொட வேண்டியதில்லை. ஆனால் சென்னையில் 91.1, 92.7, 93.5, 98.3, 101.4, 106.4 என்று நிலையங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஒரு காலி அலைவரிசையைப் பிடித்து வைத்தால், ஊர் தாண்டியதும் அங்கே வேறொரு நிலையம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பாட்டுக்கு நடுவே நகைக்கடை விளம்பரம் நுழையும்.

சரி, செட்டையே மாற்றிவிடுவோம் என்று ஜி.பி. ரோடு போனால், கடைக்குக் கடை ஒன்பது அங்குலத் திரையைத்தான் முதலில் காட்டுகிறார்கள். இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. 'ஆண்ட்ராய்ட் ஸ்டீரியோ' வேறு, 'ஆண்ட்ராய்ட் ஆட்டோ' வேறு. முதலாவது, டேஷ்போர்டில் பதித்த ஒரு மலிவு டேப்லெட் மாதிரி. அதற்கென்று தனி ராம், தனி செயலிகள். இரண்டாவதில் மூளை உங்கள் போன்தான், செட்டின் திரை அதைக் காட்டும் வேலையை மட்டும் செய்கிறது. போனை மாற்றினால் அந்த வசதியும் கூடவே புதுசாகும். முன்னது வாங்கிய அன்றிலிருந்தே பழசாகத் தொடங்கிவிடும். நண்பர் ஒருவரின் காரில் அப்படிப்பட்ட செட் இருக்கிறது. சாவியைத் திருப்பி, அது முழித்துக்கொள்வதற்குள் அவர் ரிவர்ஸ் எடுத்தே முடித்துவிடுவார். கேமரா படம் அதற்கப்புறம் வரும்.

பெரிய திரைக்கு டேஷ்போர்டின் முகப்பையும் மாற்ற வேண்டும். சிங்கிள் டின் என்றால் 180 மி.மீ. அகலம், 50 மி.மீ. உயரம். பழைய செட் கழன்ற இடத்தில் புதியது அப்படியே உட்காரும். சிடி இயங்குமுறை இல்லாத செட்டுகளுக்கு ஆழமும் குறைவு. பின்னால் வயரைத் திணிக்காமல் வைக்க இடம் கிடைக்கிறது. விலை ஐந்தாயிரத்துக்குச் சற்று மேல் ஆனது.

மாட்டும் வேலைதான் முக்கியம். பிராண்ட் எதுவாக இருந்தாலும் பின்னால் வரும் தொல்லைகளில் பாதி வயரிங்கில் பிறப்பவை. கடைப் பையன், "கட் பண்ணி ஜாயின்ட் போட்டுடலாம் சார், அஞ்சு நிமிஷம்" என்றான். வேண்டாம் என்று சொல்லி, காரின் சாக்கெட்டில் நேராகச் செருகும் கப்ளரை வாங்கி வரச் சொன்னேன். சில நூறு ரூபாய்தான் கூடுதல். வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றிய ஜாயின்ட் நம்மூர் வெயிலில் சில கோடைகளுக்குப் பிறகு பசை இளகி வழுக்கத் தொடங்கும். கப்ளருக்கும் செட்டின் வயருக்கும் நடுவே வரும் இணைப்புகளை சால்டர் வைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போட்டு மூடச் சொன்னேன். பையன் முகம் சுளித்தாலும் செய்துகொடுத்தான்.

மஞ்சள் வயர் பேட்டரியிலிருந்து நேராக எப்போதும் 12 வோல்ட் தருவது. சிவப்பு, சாவியைத் திருப்பினால் மட்டும். கறுப்பு எர்த். எங்கள் பழைய செட்டில் மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி சாவி லைனில் கொடுத்திருந்தார்கள். அதனால்தான் இத்தனை வருடம் கடிகாரமும் ரேடியோ நிலையங்களும் ஒவ்வொரு முறையும் அழிந்துகொண்டிருந்தன. இரண்டையும் நேர் பேட்டரி லைனில் கொடுத்தால் செட் முழுதாக அணையாமல் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும். செட்டின் பின்பக்கத்தை வண்டியின் உலோகத்தோடு ஒரு பட்டையும் போல்ட்டும் வைத்து இறுக்கவும் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழைக்குப் பிந்தைய சாலைகளில் டேஷ்போர்டு கடகடக்கும்.

பெட்டியில் 55 வாட் x 4 என்று போட்டிருந்தது. பின்னால் இருக்கும் ஃபியூஸ் 10 ஆம்பியர். வண்டி ஓடும்போது 14 வோல்ட் என்று வைத்தாலும் மொத்தமே 140 வாட். அப்புறம் 220 எங்கிருந்து வரும்? அது ஒரு நொடி உச்சத்தின் கணக்கு. அந்த எண்ணைப் பார்த்து வாங்க வேண்டாம். முன்பக்க ஸ்பீக்கர்களின் காகிதக் கூம்பு கிழிந்திருந்ததால் அதையும் மாற்றினேன். ஒலியில் நான் கவனித்த பெரிய வித்தியாசம் செட்டால் வந்ததைவிட இதனால் வந்ததுதான். பின்பக்கத்தை மாற்றவில்லை, குறையும் தெரியவில்லை. ஒலி சன்னமாகக் கேட்கிறது என்றால் செட்டைத் திட்டுவதற்கு முன் போனின் மீடியா ஒலியளவைப் பாருங்கள். சில போன்களில் அது தனியாகக் கீழே இறங்கிக் கிடக்கும்.

அழைப்புகளில் முதல் சில மாதம், எதிர்முனையில் இருப்பவர்கள் "என்ன, காத்தடிக்குது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மைக்கை ஸ்டீயரிங் தண்டில் ஒட்டியிருந்தார்கள், ஏ.சி. ப்ளோயரின் காற்று நேராக அதில் பட்டது. கண்ணாடியோரத் தூணின் மேல்முனைக்கு, சன் வைசர் அருகே, மாற்றியதும் பிரச்சினை முடிந்தது. ப்ளோயரை நாலில் வைத்தால் மட்டும் இப்போதும் கொஞ்சம் கத்திப் பேச வேண்டும்.

மேப்பில் ஒரு சங்கடம் உண்டு. செட்டில் எஃப்.எம். ஓடும்போது வழி சொல்லும் குரல் ஸ்பீக்கரில் வராது, ஏனென்றால் செட் அப்போது ப்ளூடூத்தைக் கேட்பதில்லை. கூகுள் மேப்ஸ் அமைப்பில் குரலை ப்ளூடூத்தில் அனுப்புவதை நிறுத்திவிட்டால் போனிலிருந்தே பேசும். போனை ஏ.சி. துவாரத்தில் மாட்டியிருக்கிறேன். கண்ணாடியில் ஒட்டினால் மே மாத வெயிலில் சூடேறித் திரை மங்கிவிடுகிறது, இங்கே குளிர்காற்று படுகிறது. செட்டின் யூ.எஸ்.பி. துளையில் சார்ஜ் மெதுவாகத்தான் ஏறும். மேப் போட்டுக்கொண்டு நீண்ட தூரம் போவதென்றால் தனி சார்ஜர் வேண்டும்.

இன்னும் தீராதது ஒன்றுதான். என் போனும் மனைவியின் போனும் அழைப்புக்கு ஒரே நேரத்தில் இணையும், பாட்டு ஒன்றிலிருந்துதான் வரும். வண்டியைக் கிளப்பியதும் எந்த போன் முந்தும் என்று சொல்ல முடியாது. என் மனைவியின் அக்கா ஒருநாள் அவருக்குப் போன் செய்து, நான் காரில் இருப்பது தெரியாமல் என்னைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். அதிலிருந்து வண்டியில் ஏறுமுன் ப்ளூடூத்தை அணைப்பது மனைவியின் வழக்கம்.