அப்பா இறந்த பிறகு அவர் பவரில் விற்கப்பட்ட தோப்பு

தேவிபட்டினம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி நிலம் வைத்திருக்கும் குடும்பங்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

எங்கள் தென்னந்தோப்பு அப்பாவின் சுயசம்பாத்தியம். கடைசிக் காலத்தில் நடமாட முடியாததால், ஊர்த் தரகர் ஒருவருக்கு விற்பனைப் பவர் (தன் சார்பில் தோப்பை விற்கும் அதிகாரப் பத்திரம்) பதிந்து கொடுத்திருந்தார். விலை படியவில்லை. உயில் எழுதாமலே அப்பா போய்ச் சேர்ந்தார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி தோப்பு அம்மா, அண்ணன், நான் மூவருக்கும் சம பங்கு. அப்பத்தா இருந்திருந்தால் அவருக்கும் ஒரு பங்கு.

துக்கத்துக்கு வந்து மாலை போட்ட அதே தரகர், மலேசியாவில் இருக்கும் அண்ணனிடம், "கட்டிக்கொடுத்த தங்கச்சிக்கு எதுக்குத் தம்பி பங்கு? வாரிசுச் சான்று இப்ப வேண்டாம்" என்றார். என்னிடம், "அண்ணன் எல்லாத்தையும் தன் பேருக்குக் கேக்குறாரும்மா" என்றார். நாங்கள் பேச்சை நிறுத்திக்கொண்ட அந்த இடைவெளிதான் அவருக்கு வேண்டியிருந்தது.

அம்மா மனசு கேட்காமல் வில்லங்கம் போட்டுப் பார்க்கச் சொன்னார். தோப்பு வெளியூர்க்காரர் ஒருவருக்குக் கிரையமாகியிருந்தது. பத்திர நகல் எடுத்தோம். கூடவே, பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு மருத்துவர் கையெழுத்திட்ட சான்று. அதிலிருந்த தேதி, அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் நடந்த தேதி! வீட்டில் சோறு போட்டு அனுப்பிய மனிதர் செய்த வேலை இது. இன்னும் எனக்கு ஆறவில்லை.

வாங்கியவரும் பணத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறார். மாவட்டக் காவல்துறையின் நில அபகரிப்புப் பிரிவில் புகார் கொடுத்து, ராமநாதபுரத்தில் வழக்கும் போட்டிருக்கிறோம்.

இந்த மாதிரி வெறும் விற்பனைப் பவர், எழுதிக் கொடுத்தவர் இறந்ததுமே முடிந்துவிடும். ஆனால் அவர் இறந்த செய்தி சார்பதிவாளர் அலுவலகத்துக்குத் தானாகப் போய்ச் சேராது. எனவே உங்கள் வீட்டுப் பெரியவர் வேறு யாருக்காவது பவர் எழுதிக் கொடுத்திருந்தால், அந்தப் பத்திர நகலைத் தேடி எடுத்து வையுங்கள். அவர் இறந்தால் இறப்புச் சான்று வாங்கிய கையோடு, பவர் முடிந்துவிட்டது என்று தரகருக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். சார்பதிவாளரிடமும் சான்று நகலோடு மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். வாரிசுச் சான்றில் மகள்கள் பெயரை விடாதீர்கள். பங்குத் தகராறு இருந்தால் உடன்பிறந்தவர்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளுங்கள், நடுவில் தரகர் வேண்டாம்.

பவர் ஏஜெண்டிடம் நிலம் வாங்கப் போகிறவர்கள், உயிர்ச்சான்றை மட்டும் நம்பாமல், பவர் கொடுத்தவர் வீட்டுக்கே போய் அவரை நேரில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.