சான் சாவ் லின் பட்டறையில் பம்பு சீல் வேலை

கோலாலம்பூர் சான் சாவ் லின் பக்கமுள்ள இந்தப் பட்டறை, பம்பின் சுழலும் ஷாஃப்ட் ஓரமாக ஒழுகாமல் தடுக்கும் சீல்களைச் சரிசெய்கிறது. இதன் பலம் லேப்பிங்தான், அதாவது சீலின் முகத்தை மட்டமாகத் தேய்ப்பது. தேய்த்த கார்பன் முகத்தின் மேல் ஆப்டிகல் ஃபிளாட் என்ற துல்லியமான மட்டக் கண்ணாடியை வைத்து, ஹீலியம் விளக்கில் கோடுகளைக் காட்டிய பிறகே கொடுக்கிறார்கள். ஒரு கோடு என்றால் ஏறக்குறைய 0.29 மைக்ரான் மேடுபள்ளம். இரண்டு மூன்றுக்குள் இருந்தால் பெரும்பாலான பம்புகளுக்குப் போதும். முகத்தில் விரல் படாமல் தாளில் சுற்றித் தருவதும் நல்ல பழக்கம்.

சீலுக்குள் இருக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில்தான் உஷார் தேவை. கேட்காவிட்டால் ஈபிடிஎம் என்ற ரப்பர் வகையைப் போட்டுவிடுகிறார்கள். செம்பனை எண்ணெயில் அது ஊதி ஷாஃப்டைப் பிடித்துக்கொள்ளும். ஸ்பிரிங் தள்ளினாலும் முகம் நகராது, ஒழுகும். எண்ணெய் தாங்கும் ரப்பரான வைட்டான் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். சுடுநீர் பம்புக்கு ஈபிடிஎம் சரி. உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாமல் பம்பை ஓட்டி, முகத்தை உலர உரசவிட்டுக் கருக்கினால் பட்டறையைத் திட்டாதீர்கள்.