பழைய டீசல் பிக்கப்: கோளாறு இன்ஜினில் இல்லை, ஓஸில்

என்னிடம் இருப்பது போலவே ஒரு பழைய பிக்கப் விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். என்னுடையது 2009 மாடல். சென்சார், ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) எதுவும் இல்லாத டீசல் இன்ஜின். ஒட்டன்சத்திரத்தில் காய் ஏற்றிக்கொண்டு பழனி வழியாகக் கொடைக்கானல் ஏறுவதுதான் அதன் வேலை. இழுவையில் குறையே சொல்ல முடியாது. முழு லோடோடு பெருமாள்மலை வரை வளைவு வளைவாக ஏறினாலும் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டாது. ஆயில் குடிக்காது.

ஆனால் விடிகாலை ஸ்டார்ட்டிங் இருக்கிறதே, அதுதான் உயிரை வாங்குகிறது. இரவு நல்லபடியாக நிறுத்திய வண்டி, காலையில் செல்ஃப் அடித்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், பிடிக்காது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் இன்ஜினுக்கு டீசல் தள்ளும் பம்ப் போய்விட்டது என்றார்கள். இன்னொன்றில் நாசில் (சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் முனை), அப்புறம் போர் வேலை, அதாவது சிலிண்டரைக் கடையும் வேலை வரும் என்றார்கள். வண்டியைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே எஸ்டிமேட் வந்துவிடுகிறது. எனக்கு ஆத்திரம் அங்கேதான்.

கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவர், "செல்ஃப் அடி தம்பி, நான் சைலன்சர்கிட்ட நிக்கிறேன்" என்றார். அடித்தேன். "புகையே வரலை. டீசலே உள்ள போகல, நாசிலைக் கழட்டி என்ன பண்றது?" என்று கேட்டார். வெள்ளைப் புகை வந்திருந்தால் டீசல் போகிறது, ஆனால் எரியவில்லை என்று அர்த்தம். அப்போது சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கையும், சிலிண்டருக்குள் காற்று அழுந்தும் கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டும். புகையே இல்லையென்றால் டேங்கிலிருந்து பம்ப் வரை உள்ள பாதையைத்தான் பார்க்க வேண்டும்.

டீசல் ஃபில்டர் மேல் உள்ள, கையால் அழுத்தி டீசலை ஏற்றும் கை பம்பை அழுத்தினார். முதலில் பொதபொதவென்று இறங்கியது, அப்புறம் இறுகியது. அடுத்த செல்ஃபில் இன்ஜின் பிடித்துவிட்டது. பிறகு ஃபில்டருக்கு முன்னால் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற டியூப் ஒரு துண்டை மாட்டினார். டீசலோடு முத்து முத்தாகக் காற்றுக் குமிழிகள் ஓடின. டேங்கிலிருந்து வரும் ரப்பர் ஓஸை மடக்கிப் பார்த்தால் கிளிப் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு. அந்தப் பக்கம் பம்ப் உறிஞ்சும் பக்கம் என்பதால் வண்டி ஓடும்போது டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். நிறுத்தி வைத்தால் டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடும். மேட்டைப் பார்த்து நிறுத்தினால் கோளாறு கூடுவதும் அதனால்தான். ஓஸும் கிளிப்பும் சேர்த்து 200 ரூபாய்கூட ஆகவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் நல்ல வண்டி என்று எழுதியிருப்பேன். ரப்பர் எல்லாம் ஒரே வயது. ஒன்றை மாற்றினால் சில மாதத்தில் அடுத்தது. ஒரு முறை செப்பு வாஷர், ஒரு முறை கை பம்பின் சீல். இன்று காலையும் கை பம்பை அழுத்தித்தான் கிளப்பினேன்.

நண்பருக்கு: நீங்கள் போகும்வரை ஸ்டார்ட் செய்யாமல் வைக்கச் சொல்லுங்கள். பானெட்டில் கை வைத்துச் சூடு இருக்கிறதா பாருங்கள். ஐடிலில் ஆயில் மூடியைத் திறந்து, பேக் கம்ப்ரஷன் (தேய்ந்த இன்ஜினில் சிலிண்டரிலிருந்து கீழே கசிந்து வரும் காற்று) குப்குப்பென்று அடிக்கிறதா என்று கவனியுங்கள். கறுப்புப் புகைக்குப் பயப்படாதீர்கள், ஏர் ஃபில்டர் அடைப்பாகக்கூட இருக்கலாம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

இன்ஜினுக்கு இன்றைக்கும் முழு மார்க் போடுவேன். இருந்தாலும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். விடிகாலையில் லோடு காத்திருக்கும்போது இருட்டில் கை பம்ப் அழுத்துகிற பாடு உங்களுக்கு வேண்டாம். அதையும் மீறி வாங்கினால், டேங்கிலிருந்து பம்ப் வரை ஓஸ், வாஷர், கிளிப் மொத்தத்தையும் முதல் வாரமே மாற்றிவிடுங்கள். டீசலுக்கென்று இருக்கும் ஓஸையே கேட்டு வாங்குங்கள். தண்ணீர் ஓஸ் டீசலில் ஊறி உப்பிவிடும்.