ரமணிசந்திரனும் ராஜம் கிருஷ்ணனும் ஒரே ரேக்குல: ஒரு லெண்டிங் லைப்ரரி ரிவ்யூ

மேற்கு மாம்பலம் பக்கம் இருக்கற ஒரு வாடகை லைப்ரரி பத்தின ரிவ்யூ. பேர் போட வேணாம்னு நடத்தற அக்காவே சொல்லிட்டாங்க, "இருக்கற மெம்பருக்கே புக்கு பத்தலப்பா, நீ வேற கூட்டத்த கூட்டிட்டு வராத"ன்னு. அந்தப் பக்கம் கதை படிக்கற யாரக் கேட்டாலும் வழி சொல்லிடுவாங்க.

ரொம்ப சின்ன கடை. ஷட்டர தூக்கினா மூணு பக்கமும் இரும்பு ரேக், உள்ள ரெண்டு பேர் நின்னா மூணாவது ஆள் வாசல்ல செருப்போட காத்திருக்கணும். ஆனா அதுல ஒரு பக்கம் முழுக்க பெண்கள் எழுதின கதைங்க, நாவலுங்க மட்டும்தான். கல்லாவுக்கு மேல ஒரு சார்ட் பேப்பர்ல ஸ்கெட்ச் பேனால எழுதி ஒட்டியிருக்காங்க: ராஜம் கிருஷ்ணன் 1973, லக்ஷ்மி 1984, திலகவதி 2005, அம்பை 2021. தமிழ்ல சாகித்ய அகாடமி வாங்கின பெண்கள். 1955லேர்ந்து குடுக்கற அவார்டு, 2021 வரைக்கும் நாலே பேர். யாராவது நின்னு அத படிச்சாங்கன்னா அக்கா கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு "எண்ணிப் பாத்தியா?"ன்னு கேப்பாங்க, அவ்ளோதான், மேல ஒண்ணும் பேச மாட்டாங்க.

எனக்கு ரொம்பப் புடிச்சது அடுக்கி வெச்சிருக்கற விதம். இலக்கியம் தனி, குடும்ப நாவல் தனின்னு பிரிக்கவே இல்ல, எழுத்தாளர் பேர் வெச்சு அகர வரிசை. அதனால குடும்ப நாவல் எழுதின ரமணிசந்திரன் பக்கத்துலயே இலக்கியம்னு சொல்ற ராஜம் கிருஷ்ணன், சிவசங்கரிய தாண்டினா சூடாமணி, கடைசி தட்டுல வாஸந்தி, வை.மு.கோதைநாயகி. ரமணிசந்திரன் தேடி வர்றவங்கதான் இங்க முக்கால்வாசி, அவங்க கை தானா பக்கத்து புக்குல படும். தூத்துக்குடி உப்பளத்து ஜனங்கள வெச்சு ராஜம் கிருஷ்ணன் எழுதின கரிப்பு மணிகள் எனக்கு அப்படி கெடச்சதுதான், அதுக்கப்புறம் நீலகிரி படுகர் வாழ்க்கைய சொல்ற குறிஞ்சித்தேன், அப்பறம் மத்ததுன்னு வரிசையா போயிட்டே இருக்கேன். அந்தம்மா பல நாவலுக்கு அந்தந்த ஊருக்கே போயி தங்கி, ஆளுங்ககூட பேசிப் பழகி எழுதினவங்க. அவங்க உயிரோட இருக்கும்போதே, 2009ல, அவங்க எழுத்த அரசு நாட்டுடமை ஆக்கினதால, அதாவது யார் வேணா அச்சடிக்கலாம்னு ஆனதால, பல பதிப்பகம் போடறாங்க, புது காப்பிக்குப் பஞ்சமில்ல. ரமணிசந்திரன கிண்டல் பண்றவங்க ஒரு தடவ இங்க வந்து பாக்கணும், நூத்துக்கு மேல நாவல் எழுதி இத்தன வீட்டுல படிக்கற பழக்கத்த உண்டாக்கினது சின்ன விஷயமா என்ன.

இன்னொரு பொக்கிஷம் பைண்டு வால்யூம். அந்தக் காலத்து வீடுகள்ல விகடன்லேர்ந்து வாராவாரம், கலைமகள்லேர்ந்து மாசாமாசம் தொடர்கதைய கிழிச்சு சேத்து தெச்சு வெச்சது. லக்ஷ்மி கதை ஒண்ணு எடுத்தேன், ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் படம் இருக்கு, பின்பக்கம் பாதி சோப்பு விளம்பரம், முடிவில்லாத ஜோக்கு, ஓரத்துல தையல் எழுத்த முழுங்கியிருக்கு, அத ஊகிச்சு படிக்கறதே ஒரு வேலை. ஹீரோ முதல்முதலா வர்ற எடத்துல யாரோ பென்சில்ல "இவன நம்பாத"ன்னு எழுதியிருக்காங்க, அதுக்குக் கீழ வேற கையெழுத்துல "கடைசி வரை படிங்க மேடம்". லக்ஷ்மி டாக்டர், மெட்ராஸ்ல மருத்துவம் படிக்கறப்பவே எழுத ஆரம்பிச்சு அந்த வருமானம் படிப்புக்கு ஒதவுச்சுன்னு அக்கா சொல்லிட்டே எண்ட்ரி போட்டாங்க.

இங்க நெஜமான சர்வீஸ்னா அது அக்காதான். நம்ம எடுத்த புக்கெல்லாம் நோட்டுல இருக்கும், திருப்பிக் குடுக்கும்போது "முழுசா படிச்சியா, எங்க போரடிச்சுது?"ன்னு கேட்டுட்டு அதுக்கேத்த மாதிரி அடுத்தது எடுத்துக் குடுப்பாங்க. சண்டை சச்சரவு இல்லாம அமைதியா போற கதை வேணும்னேன், சூடாமணி சிறுகதைகள குடுத்தாங்க. மனுஷங்க மனச இவ்ளோ சத்தமில்லாம எழுத முடியுமான்னு இருந்துச்சு. 2010ல இறந்தவங்க, கோடிக்கணக்கான சொத்த தர்ம காரியத்துக்கே எழுதி வெச்சுட்டுப் போயிட்டாங்களாம். அத கேட்டப்பறம் மறுபடி படிச்சேன், கதை வேற மாதிரி தெரிஞ்சுது.

சரி, ஒரு நெருடல். வாடகைக்கு எடுத்தா எழுதினவங்களுக்கு ஒரு பைசா போகாது. இங்கிலாந்துல பப்ளிக் லைப்ரரில புக்கு எடுத்தா எழுத்தாளருக்கு சின்னதா ஒரு தொகை போகும், 1979லயே சட்டம் வந்துடுச்சு, அதுக்காக மல்லுக்கட்டினதுல முன்னாடி நின்னது ப்ரிஜிட் ப்ரோஃபி, மொரீன் டஃபின்னு ரெண்டு பெண் நாவலாசிரியைங்க. நம்ம ஊர்ல அப்படி ஒண்ணும் கெடையாது. இத அக்காகிட்ட கேட்டேன், அவங்க ஏற்கனவே ஒரு வழி வெச்சிருக்காங்க, இப்ப எழுதிட்டு இருக்கறவங்க புது புக்குன்னா வாடகை காப்பி பக்கத்துலயே விக்கறதுக்கு ஒரு காப்பி. புடிச்சுதுன்னா வாங்கு, விலைல பத்து பர்சென்ட் தள்ளுபடி, கட்டின வாடகையும் கழிச்சுக்குவாங்க. இது நல்ல ஏற்பாடு, மத்த கடைங்களும் பண்ணலாம்.

குறைன்னா இருக்கு. தலித் வாழ்க்கைய எழுதின சிவகாமி, பாமா, முஸ்லிம் பெண்கள் வாழ்க்கைய எழுதின சல்மா, மூணு பேரும் எழுதினதுல ஆளுக்கு ஒண்ணு தேடினேன், ஒண்ணுகூட இல்ல. "கேட்டு வர்றவங்க கம்மி"ங்கறாங்க. ரேக்குல இல்லாதத யாருக்கா கேப்பாங்கன்னு நான் விடல, கடைசில லிஸ்ட் எழுதிக் குடுன்னாங்க, குடுத்திருக்கேன், வாங்கறாங்களான்னு பாக்கணும். ஈழத்துப் பெண்கள் எழுதினதும் சுத்தமா இல்ல. இதுக்காகவே ஒரு ஸ்டார் கொறச்சிருக்கேன், அஞ்சுக்கு நாலு.

அப்பறம் பழைய மாத நாவல் எடுத்தா கடைசி பக்கம் இருக்கான்னு அங்கயே பாத்துக்கோங்க. நான் ஒண்ணுல கல்யாணத்துக்கு முந்தின நாளோட நின்னுட்டேன், அக்காதான் மிச்சத்த வாயாலயே சொன்னாங்க, பின்னாடி நின்ன ஒரு மாமி "அப்படி இல்ல, அவ வேலைய விடல"ன்னு திருத்தினாங்க.

டெபாசிட் 500, வாடகை புக் விலைல பத்து பர்சென்ட், ஒரு வாரம் டைம். ஜிபே உண்டு. சாயங்காலம் அஞ்சுக்கு மேல போங்க, ஞாயித்துக்கெழம லீவு. ரமணிசந்திரன் வேணும்னா நோட்டுல பேர் எழுதிட்டு காத்திருக்கணும், ராஜம் கிருஷ்ணன் ஒடனே கெடைக்கும்.