ஸ்னிப்பிங் டூல் போதுமா, ஓபிஎஸ் வேண்டுமா?

விண்டோஸ் 11 கணினியில் திரையைப் படமெடுக்க எந்த மென்பொருளை நிறுவலாம் என்று கேட்பவர்களுக்கு என் முதல் பதில்: எதையும் நிறுவாதீர்கள். விண்டோஸ், ஷிப்ட், எஸ் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். திரை மங்கும், வேண்டிய பகுதியைச் சுற்றி மவுஸை இழுத்தால் படம் தயார். உடன் வரும் ஸ்னிப்பிங் டூலின் வேலை இது. பத்தில் ஒன்பது தேவைக்கு இதற்கு மேல் வேண்டியதில்லை.

அது திணறுவது நீண்ட பக்கங்களில்தான். திரைக்குள் அடங்காத இணையப் பக்கத்தை ஒரே படமாக எடுக்க ஷேர்எக்ஸ் என்ற மென்பொருள் கைகொடுக்கும். பக்கத்தைத் தானே உருட்டி, துண்டுகளை ஒட்டித் தந்துவிடும். தலைப்புப் பட்டை நகராமல் மேலேயே நிற்கும் தளங்களில் மட்டும் ஒட்டு பிசகலாம். இலவசம், திறமூலம், ஆனால் மெனுவைத் திறந்தால் கல்யாண வீட்டுச் சாமான் பட்டியல்போல நீள்கிறது. படத்தை இணையத்தில் ஏற்றும் வசதியும் அதற்குள் இருக்கிறது. அது அணைந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதில் எடுத்தாலும் பிஎன்ஜி வடிவிலேயே சேமியுங்கள். ஜேபெக் வடிவில் தரத்தைக் குறைத்துச் சேமித்தால் எழுத்தின் ஓரம் கலங்கும். சிறிய எழுத்தாக இருந்தால் புள்ளி கரைந்து ‘க்’ எது, ‘க’ எது என்று தெரியாமல் போகும்.

காணொளிப் பதிவில் கணக்கு மாறுகிறது. விண்டோஸுடன் வரும் கேம் பார் ஒரு செயலியின் சாளரத்தை மட்டுமே பதியும். டெஸ்க்டாப்பையோ கோப்புகள் இருக்கும் எக்ஸ்புளோரரையோ பதியாது. பாடம் நடத்துபவருக்கு இது பயன்படாது. ஸ்னிப்பிங் டூலிலேயே இப்போது பதிவு வசதி உண்டு. விண்ணப்பம் நிரப்பும் முறையை வீட்டுப் பெரியவருக்கு இரண்டு நிமிடத்தில் காட்ட அது தாராளம்.

ஒரு மணி நேர வகுப்பு என்றால் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற இலவசப் பதிவு மென்பொருள்தான். மைக் ஒலியையும் கணினி ஒலியையும் தனித்தனித் தடங்களில் பதியலாம். குரல் தாழ்ந்திருந்தால் பிறகு அதை மட்டும் உயர்த்திக்கொள்ளலாம். எம்கேவி வடிவில் பதிந்தால் நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிந்தது தப்பும். சாதாரண எம்பி4 கோப்பு அப்படி நின்றால் பெரும்பாலும் திறக்காது. முடிந்ததும் ஓபிஎஸ்ஸின் ‘ரீமக்ஸ்’ வழியே எம்பி4 ஆக்கலாம், தரம் குறையாது. இரண்டு கிராபிக்ஸ் சிப் உள்ள மடிக்கணினியில் முழுத்திரைப் பதிவு வெறும் கறுப்பாக வந்தால், விண்டோஸின் கிராபிக்ஸ் அமைப்பில் ஓபிஎஸ்ஸை மின்சேமிப்புச் சிப்புக்கு மாற்றிப் பாருங்கள்.

ரகசிய எண்களை மறைக்க மங்கலாக்கும் கருவியை நம்ப வேண்டாம்; கறுப்புக் கட்டம் வைத்து மூடுங்கள். வெட்டி எறிவதும் ஒரு காலத்தில் போதவில்லை. விண்டோஸ் 11 ஸ்னிப்பிங் டூலில் படத்தை வெட்டி அதே கோப்பின்மேல் சேமித்தால், வெட்டிய பகுதி கோப்புக்குள் மிச்சமிருந்தது 2023 மார்ச்சில் தெரியவந்தது. மைக்ரோசாப்ட் அதைச் சரிசெய்துவிட்டது. அதற்கு முன்பே அப்படி வெட்டிப் பகிர்ந்த படங்களுக்கு அந்தத் திருத்தம் உதவாது.